வாக்கியங்களை இணைத்தலும் எழுத்துத் திறனும்: மாத்தளைத் தமிழ் வகுப்பறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

இலங்கையின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் தரம் 6 முதல் 11 வரை பயிலும் மாணவர்களின் கட்டுரைகளில் எதிரெதிரான இருவகைக் குறைகள் ஒருங்கே காணப்படுகின்றன. ஒருபுறம், ஒவ்வொரு செய்தியும் தனித்தனி வாக்கியமாக நின்று, முன்னதற்கும் பின்னதற்கும் என்ன உறவு என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது. மறுபுறம், ‘போய்’, ‘வந்து’, ‘பார்த்துவிட்டு’ என்று எச்சங்களால் கோக்கப்பட்ட நெடுந்தொடர் ஒன்று, யார் எதைச் செய்தார் என்று தெரியாத அளவுக்கு நீண்டு, ஏதோ ஒரு வினைமுற்றில் வந்து நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இலக்கண விதிகளை மேலும் அழுத்தமாகக் கற்பிப்பதே மருந்து என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே பழையது. அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டதே வாக்கிய இணைப்புப் பயிற்சி, அதாவது ஒரே பொருள் பற்றிய சில சிறு வாக்கியங்களை மாணவர் கையில் கொடுத்து, செய்தி எதுவும் விடுபடாமல் அவற்றை ஒன்றாகவோ இரண்டாகவோ ஆக்கி எழுதச் செய்யும் முறை. அது ஆங்கில வகுப்பறைகளில் உருவாகி அங்கேயே அளந்து பார்க்கப்பட்டது. ஆகவே தமிழுக்கு அது எந்த அளவு பொருந்தும், எந்த இடத்தில் திருத்தப்பட வேண்டும் என்ற கேள்வியை ஆங்கிலத்திலிருந்து கிடைத்த சான்றுகளை வைத்து மட்டும் தீர்க்க முடியாது.

அக்கேள்வியை ஆராய மாத்தளை மாவட்டம் பொருத்தமான களம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 4,84,000 மக்கள் வாழ்ந்த இம்மாவட்டத்தில் பெரும்பான்மையினர் சிங்களவர். தமிழரும் முஸ்லிம்களும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வீதம் உள்ளனர். இவ்விரு சமூகத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் தமிழ்மொழி மூலம் கல்வி கற்பதால், மாத்தளை நகரிலும் உக்குவளை, ரத்தோட்டை, எல்கடுவ போன்ற தோட்டப் பகுதிகளிலும் அமைந்த பாடசாலைகளுக்கு மூன்று வகையான வீட்டுத் தமிழ் வந்து சேருகிறது: நகரத் தமிழரின் பேச்சு, தமிழகத்திலிருந்து கோப்பிக் காலத்திலும் அதன் பின்னும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பேசும் மலையகத் தமிழ், தனக்கே உரிய சொல்வளம் கொண்ட முஸ்லிம் தமிழ். எழுத்துத் தமிழ் இம்மூன்றிலிருந்தும் விலகி நிற்பது. பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கு வேறொரு வடிவமும் வழங்கும் இந்நிலையை மொழியியலாளர் இரட்டை வழக்கு என்பர். தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசால் பொறுப்பேற்கப்படும்வரை பெரும்பாலும் ஆரம்ப எழுத்தறிவோடு நின்றுவிட்டவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எழுத்துத் தமிழின் நீண்ட வாக்கியத்தை வீட்டில் கேட்டோ வாசித்தோ பழகும் வாய்ப்பு எத்தனை தலைமுறைகளுக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பது விளங்கும். வாக்கியத்தைக் கட்டும் திறன் வாசிப்பினால் தானாகவே வந்துவிடும் என்ற வாதம், புத்தகம் நிறைந்த வீடுகளைக் கருத்தில் கொண்டே பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

சிறு கூறுகளை நீண்ட வாக்கியமாக ஆக்கிப் பழகுவது அமெரிக்கக் கல்வியியல் கண்டுபிடித்த புதுமை அன்று. ஐரோப்பாவில் எராஸ்மஸ் 1512இல் வெளியிட்ட சொல்வளம் பற்றிய நூல், ஒரே கருத்துடைய ஒரு வாக்கியத்தை நூற்றுக்கு மேற்பட்ட முறைகளில் மாற்றி எழுதிக் காட்டியது. தமிழில் இதற்கு நிகரான பயிற்சி செய்யுளின் வழியாக நடந்தது. செய்யுளில் இடம் மாறிக் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கு ஏற்பக் கூட்டி எடுக்கும் கொண்டுகூட்டும், அவ்வாறு கூட்டியதை உரைநடையாகத் தொடுக்கும் பொழிப்புரையும் அடிப்படையில் வாக்கியம் கட்டும் பயிற்சிகளே. எந்தச் சொல் எதற்கு அடை, எந்த எச்சம் எந்த வினையைக் கொண்டு முடிகிறது என்று தேடித்தேடிப் பழகிய மாணவனுக்கு, நான்கைந்து எச்சங்கள் அடுக்கிய வாக்கியம் அச்சம் தரவில்லை. பாலபாடங்களையும் இலக்கணச் சுருக்கத்தையும் எழுதிய ஆறுமுக நாவலர் (1822–1879) கையாண்ட நீண்ட, ஆனால் எழுவாயும் பயனிலையும் வழுவாத உரைநடை இந்த உரை மரபில் விளைந்தது. பின்னர் ஆங்கில இலக்கணப் போதனையை ஒட்டித் தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்ற பகுப்பு பாடநூல்களுக்குள் வந்தது; அத்தோடு ‘பின்வரும் வாக்கியங்களை ஒன்றாக்குக’ என்ற பயிற்சியும் வந்தது. ஆனால் அப்பயிற்சியில் ஒரே விடைதான் சரியானது. மாணவர் தெரிவு செய்ய எதுவும் இல்லை. இன்று வழங்கும் பயிற்சிப் புத்தகங்களிலும் இதே வடிவம் தொடர்வதைக் காணலாம்.

புதிய வரலாறு 1957இல் நோம் சொம்ஸ்கி முன்வைத்த மாற்றிலக்கணத்தோடு தொடங்குகிறது. சிக்கலான ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் எளிய கருவாக்கியங்கள் உள்ளன, அவை சில மாற்ற விதிகளால் இணைந்து வெளிப்படுகின்றன என்ற அக்கால விளக்கம், எழுதக் கற்பிப்போருக்கு ஒரு வழியைக் காட்டியது. 1963இல் றிச்சட் பிறாடொக்கும் வேறு இருவரும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, முறையான இலக்கணப் போதனை எழுத்தை மேம்படுத்துவதில்லை, எழுதுவதற்கான நேரத்தை அது பிடித்துக்கொள்வதால் தீங்காகவும் அமையலாம் என்று கூறியது ஆசிரியர்களை மாற்று வழி தேட வைத்திருந்தது. 1965இல் கெலொக் ஹன்ட், மாணவரின் வாக்கிய முதிர்ச்சியை அளக்க ஓர் அலகை வகுத்தார். ஒரு முதன்மை வாக்கியமும் அதனோடு ஒட்டியும் அதற்குள் அடங்கியும் வரும் துணைத் தொடர்களும் சேர்ந்ததே அவ்வலகு; அதனை டி-அலகு என்பர். ‘அன்ட்’ என்ற இணைப்புச் சொல்லால் பத்து வாக்கியங்களைக் கோத்து எழுதும் சிறுவனுக்கு நீண்ட வாக்கியம் எழுதியவன் என்ற பெயர் கிடைத்துவிடாமல் தடுப்பதே இதன் பயன். ஹன்ட் ஆராய்ந்த அமெரிக்க மாணவரிடம் இவ்வலகின் சராசரி நீளம் 4ஆம் வகுப்பில் 8 முதல் 9 சொல்லாகவும், 8ஆம் வகுப்பில் 11 சொல் அளவிலும், 12ஆம் வகுப்பில் 14 சொல்லுக்கு மேலாகவும் இருந்தது.

இந்த வளர்ச்சியைப் பயிற்சியால் விரைவுபடுத்த முடியுமா என்று சோதித்தவர் ஜோன் மெலன். 1969இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் 7ஆம் வகுப்பு மாணவர் 247 பேர் இடம்பெற்றனர். இணைப்புப் பயிற்சி பெற்றவர்களின் வாக்கிய அமைப்பு வழமையான ஓராண்டு வளர்ச்சியை விடப் பலமடங்கு முன்னேறியது. ஆனால் அவர்களின் கட்டுரைகள் மற்றவர்களுடையதை விடச் சிறந்தவை என்று மதிப்பிட்டோர் கருதவில்லை. மெலன் தம் பயிற்சியை மாற்றிலக்கணக் கலைச்சொற்களோடு பிணைத்திருந்தார். 1973இல் ஃபிராங்க் ஓஹேர் அச்சொற்களை முற்றிலும் நீக்கி, வாக்கியத்தின் அருகில் இணைப்புச் சொல்லைக் குறிப்பாகக் கொடுத்து, 83 மாணவரோடு அதே வகையான சோதனையைச் செய்தபோது, வாக்கிய முதிர்ச்சியோடு கட்டுரையின் தரமும் உயர்ந்ததாக மதிப்பிடப்பட்டது. விதியின் பெயரை அறியாமலே விதியைக் கையாளக் கற்க முடியும் என்பதே ஓஹேர் நிலைநாட்டியது, இவ்வரலாற்றில் ஆசிரியருக்கு மிகவும் பயன்படும் முடிவும் அதுவே. அதே ஆண்டில் வில்லியம் ஸ்ட்ரோங் வெளியிட்ட பயிற்சி நூல், குறிப்பு எதுவும் தராமல் மாணவர் விரும்பியவாறு இணைக்க விடும் திறந்த பயிற்சியைப் பரப்பியது. 1978இல் ஒஹாயோவின் மயாமிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெய்க்கர், கெரெக், மோரன்பேர்க் ஆகிய மூவர் முதலாண்டு மாணவரிடமும் இதே போன்ற பயனைக் கண்டனர். எனினும் இரண்டாண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தின் பின் அதே மாணவரை மீண்டும் சோதித்தபோது, பயிற்சி பெறாதவர்களும் அவர்களை எட்டிப் பிடித்திருந்தனர்.

இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் முறையின் தோல்வியாக வாசித்தனர். அது அவசர முடிவு. பல்கலைக்கழகச் சூழலில் தொடர்ந்து வாசித்தும் எழுதியும் வருபவர்கள் எப்படியும் அடையும் நிலையை, பயிற்சி பெற்றவர்கள் முன்கூட்டியே அடைந்தனர் என்பதே அதன் பொருள். அவ்வாறான சூழல் வாய்க்காத மாணவருக்கு முன்கூட்டி அடைவதும் அடையாமலே போவதும் ஒன்றல்ல.

1980களின் பின் இம்முறை ஆய்வுலகில் மங்கியது. எழுதி முடித்த பிரதியை விட எழுதும் செயல்முறைக்கே முதன்மை தர வேண்டும் என்ற இயக்கம் வலுப்பெற்றபோது, பிறர் தந்த வாக்கியங்களை இணைப்பது இயந்திரத்தனமானது, மாணவரின் சொந்தச் சிந்தனைக்கு அதில் இடமில்லை என்ற கண்டனம் எழுந்தது. ரொபர்ட் கொனர்ஸ் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, இம்முறை பொய்யென்று நிறுவப்பட்டதால் அன்றி, அறிவுலகின் ஆர்வம் வேறு பக்கம் திரும்பியதாலேயே கைவிடப்பட்டது என்று வாதிட்டது. அதன் பின் வந்த தொகுப்பாய்வுகள் அவர் பக்கமே நிற்கின்றன. தொகுப்பாய்வு என்பது ஒரே கேள்வி பற்றிய பல சோதனைகளின் முடிவுகளைப் பொதுவான ஓர் அளவுக்கு மாற்றி ஒன்றுசேர்ப்பது. அவ்வளவை விளைவளவு என்பர், அது புள்ளிகளின் நியம விலகலை அலகாகக் கொண்டது. 2007இல் ஸ்டீவ் கிரஹமும் டொலோரஸ் பெரினும் 4 முதல் 12 வரையான வகுப்புகளுக்குத் தொகுத்த அறிக்கையில் வாக்கிய இணைப்பின் விளைவளவு 0.50, இலக்கணத்தை மட்டும் தனியே கற்பித்தலின் விளைவளவு எதிர்மறையாக 0.32. திட்டமிட்டு எழுதவும் திருத்தவும் வழிமுறைகளைக் கற்பித்தல் 0.82 பெற்றிருப்பதால், வாக்கிய இணைப்பு எல்லாவற்றையும் விடச் சிறந்தது என்று சொல்வதற்கில்லை. தனி இலக்கணப் பாடத்தின் நேரத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம் என்று சொல்வதற்கு அது போதும்.

இவ்வெண்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாமைக்குக் காரணம், இரு மொழிகளும் வாக்கியத்தைக் கட்டும் முறை அடிப்படையிலேயே வேறுபடுவது. ஆங்கிலச் சிறுவன் பேச்சில் முழு வாக்கியங்களை அடுக்கி இணைப்புச் சொல்லால் கோக்கிறான். தமிழ்ச் சிறுவனோ மிக இளவயதிலேயே வினையெச்சத்தால் கோக்கிறான். காலையில் எழுந்து, பல்துலக்கி, சாப்பிட்டு, பாடசாலைக்கு வந்ததை ஒரே வினைமுற்றில் முடிப்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இயல்பு. ஹன்டின் அலகைக் கொண்டு அளந்தால் அப்பிள்ளை முதிர்ந்த எழுத்தாளன். மேலும் ‘வேலைசெய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதைத் தமிழ் ஒரே சொல்லாக எழுத, ஆங்கிலத்துக்கு ஐந்தாறு சொற்கள் வேண்டும். ஆகவே சொல்லெண்ணிக்கையும் அளவுகோலாகாது. நீளம் தமிழ் மாணவரிடம் ஏற்கெனவே உண்டு. இல்லாதது, எது எதற்கு அடங்கும் என்ற தெளிவு.

இத்தெளிவைக் குறித்துத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே சிந்தித்திருக்கிறது. செய்து முதலிய சில வாய்பாட்டு வினையெச்சங்கள் அவ்வினையைச் செய்த வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதிக்கிறது; சினையின் வினை முதலோடு முடிவதை அதற்கு விலக்காக ஏற்கிறது. வேறு வினைமுதல் வரும்போது ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் துணைக்கு வருகிறது. ‘மழை பெய்து ஆறு பெருகியது’ போன்ற வழக்குகளை, செய்து என்பது செய என்பதன் இடத்தில் வந்த எச்சத்திரிபு என்று உரையாசிரியர்கள் அமைதி கூறி ஏற்றனர். பேச்சு இத்திரிபை இன்னும் தாராளமாக அனுமதிக்கிறது. எழுத்தில் அது எங்கே பொருளைக் குழப்புகிறது என்பதை மாணவர் உணர, விதியை ஒப்புவிப்பதை விட ஓர் எடுத்துக்காட்டை இணைத்துப் பார்ப்பது பயன்தரும்.

மாத்தளையின் வரலாறே அதற்குப் பொருள் தருகிறது. பின்வரும் சிறு வாக்கியங்களைக் கொள்க: தொழிலாளர் தமிழகத்திலிருந்து வந்தனர். அவர்கள் மன்னார்ப் பகுதியில் கரையிறங்கினர். அவர்கள் காட்டுவழியே நடந்தனர். பலர் வழியில் நோயால் இறந்தனர். எஞ்சியோர் மாத்தளையை அடைந்தனர். அவர்கள் கோப்பித் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். பேச்சுப் பழக்கத்தில் இவற்றை இணைக்கும் மாணவர், ‘தொழிலாளர் தமிழகத்திலிருந்து வந்து, மன்னார்ப் பகுதியில் கரையிறங்கி, காட்டுவழியே நடந்து, பலர் வழியில் நோயால் இறந்து, எஞ்சியோர் மாத்தளையை அடைந்து, கோப்பித் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்’ என்று எழுதக்கூடும். இறந்தவர்களையும் இவ்வாக்கியம் வேலைக்கு அனுப்பிவிடுகிறது. வினைமுதல் எங்கே மாறுகிறது என்று கேட்டு, அந்த இடத்தில் எச்சத்தை மாற்றினால் வேறொரு வாக்கியம் பிறக்கிறது: ‘தமிழகத்திலிருந்து வந்து மன்னார்ப் பகுதியில் கரையிறங்கிய தொழிலாளர் காட்டுவழியே நடந்தனர், பலர் வழியிலேயே நோயால் இறந்துபோக, எஞ்சியோர் மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.’ இலக்கணப்படி இதில் வழு இல்லை. ஆயினும் மூன்றாவது ஒரு தெரிவும் உண்டு. பலர் இறந்தனர் என்பதை எச்சமாக்கி வேறொரு வினைக்குக் கீழே அடக்காமல், ‘பலர் வழியிலேயே இறந்தனர்’ என்று தனி வாக்கியமாகவே நிறுத்தலாம். முன்னும் பின்னும் நீண்ட வாக்கியங்கள் நிற்க, இடையில் மூன்று சொல்லில் முடியும் அவ்வாக்கியத்தின் கனம் தனி. இணைக்காமல் விடுவதும் இப்பயிற்சியின் விடைகளுள் ஒன்று என்பதை ஒரே விடை வேண்டும் பயிற்சிப் புத்தகம் கற்பிக்க முடியாது.

வினையெச்சத்துக்கு அடுத்த கருவி பெயரெச்சம். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வருகிறது, அதை விளக்கும் துணைத்தொடர் பின்னே ஒட்டுகிறது. பெயரைச் சொல்லிவிட்ட பின்னரும் விளக்கத்தைச் சேர்த்துக்கொண்டே போகலாம். தமிழில் விளக்கம் முன்னே வருகிறது, பெயர் பின்னே வருகிறது, வினைமுற்றோ எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. எனவே தமிழ் எழுதுபவர் வாக்கியத்தின் முதற்சொல்லை எழுதும்போதே அது எங்கே போய் முடியும் என்பதை மனத்தில் கொண்டிருக்க வேண்டும். எழுதும்போது நினைவின் சுமை மிகுந்தால் அமைப்பு சிதைகிறது என்பது எழுத்தின் உளவியல் பற்றிய ஆய்வுகள் ஒப்புக்கொள்ளும் பொதுக்கருத்து. அச்சுமை தமிழில் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே ஏறிவிடுகிறது. செய்திகள் அனைத்தும் முன்னரே சிறு வாக்கியங்களாக எழுதிக் கண்முன் வைக்கப்பட்டிருக்கும் இணைப்புப் பயிற்சி அச்சுமையைத் தற்காலிகமாக இறக்கி, முடிவை முன்கூட்டித் தெரிவு செய்யும் செயலை மட்டும் தனியே பழக இடம் தருகிறது. ஆங்கிலத்தை விடத் தமிழுக்கு இம்முறை கூடுதலாகத் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

மாத்தளை நகருக்கு அண்மையில் உள்ள அலுவிகாரை பெயரெச்சப் பயிற்சிக்கு நல்ல பொருள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் முதன்முதலாக எழுத்தில் வடிக்கப்பட்ட இடம் என்று பௌத்த மரபு அதைப் போற்றுகிறது. அலுவிகாரை ஒரு குகை விகாரை, அது மாத்தளைக்கு அண்மையில் உள்ளது, அங்கே பிக்குகள் கூடினர், அதுவரை அவர்கள் திரிபிடகத்தை மனனத்தால் காத்தனர், அதை ஓலையில் எழுதினர் என்ற ஐந்து செய்திகளை இரு மாணவர் இருவிதமாக இணைக்கலாம். ‘மாத்தளைக்கு அண்மையில் உள்ள அலுவிகாரை என்னும் குகை விகாரையில் கூடிய பிக்குகள், அதுவரை மனனத்தால் காத்துவந்த திரிபிடகத்தை ஓலையில் எழுதினர்’ என்பது பிக்குகளின் செயலைப் பற்றிய வாக்கியம். அதன் பின் அவர்கள் ஏன் எழுதினர் என்பதே இயல்பாக வரும். ‘அதுவரை மனனத்தால் காத்துவந்த திரிபிடகத்தைப் பிக்குகள் கூடி ஓலையில் எழுதிய இடம், மாத்தளைக்கு அண்மையில் உள்ள அலுவிகாரை என்னும் குகை விகாரையாகும்’ என்பது இடத்தைப் பற்றியது. அடுத்து அக்குகைகளின் வருணனை வரலாம். இரண்டும் சரி. எது வேண்டும் என்பதை அடுத்து வரவிருக்கும் வாக்கியமே தீர்மானிக்கிறது. ஆகவே பயிற்சி தனி வாக்கியத்தோடு நின்றுவிடாமல், பந்தி ஒன்றின் நடுவே வைக்கப்பட வேண்டும் என்பது பெறப்படுகிறது.

பெயரெச்சம் ஒரு புதிய இடரையும் கொண்டுவருகிறது. ‘தோட்டத்தில் வேலைசெய்யும் கந்தனின் தங்கை’ என்றால் வேலைசெய்பவர் யார் என்பது எழுத்தில் விளங்காது. சிறு வாக்கியங்களாக இருந்தபோது இல்லாத இம்மயக்கம் இணைத்ததால் வந்தது. அதை நீக்க, சொல்லின் இடத்தை மாற்றி ‘கந்தனின், தோட்டத்தில் வேலைசெய்யும் தங்கை’ என்று எழுதலாம், அல்லது வாக்கியத்தை மீண்டும் பிரிக்கலாம்.

மூன்றாவதாக வருவது செய்திகளுக்கிடையிலான உறவு. தமிழில் காரணம், காலம், நிபந்தனை, எதிர்மறை முதலிய உறவுகளைப் பெரும்பாலும் வினையோடு ஒட்டும் உருபுகளும் சொற்களும் காட்டுகின்றன. மழை பெய்தது, ரத்தோட்டைப் பாதை மூடப்பட்டது என்ற இரண்டையும் ‘மழை பெய்து’ என்று இணைத்தால் உறவு மங்கலாகவே நிற்கிறது. ‘பெய்ததால்’ என்றால் காரணம், ‘பெய்தபின்’ என்றால் காலம் மட்டும், ‘பெய்தால்’ என்றால் நிபந்தனை, ‘பெய்யுமுன்பே’ என்றால் பாதை மூடியதற்கு வேறு காரணம் தேட வேண்டும்; பாதை மூடப்படவில்லை என்றால் ‘பெய்தும்’. வரலாறு, விஞ்ஞானம் ஆகிய பாடங்களின் விடைகளில் மாணவர் புள்ளி இழப்பது பல வேளைகளில் இந்த உறவைச் சொல்லாமல் விடுவதால் அல்லது தவறாகச் சொல்வதால்தான். ஆகவே இணைப்புப் பயிற்சியைத் தமிழ்ப் பாடத்துக்குள் மட்டும் அடைத்து வைப்பதற்கு நியாயம் இல்லை. தொழிற்பெயரும் (பெய்தல், பெய்தமை) ‘என்று’, ‘என்பது’ முதலியவையும் பிறர் கூற்றையும் கருத்தையும் வாக்கியத்துக்குள் அடக்க உதவுவன. இவை வாதக் கட்டுரைக்கு இன்றியமையாதன என்பதால் தரம் 9க்கு மேல் கவனம் பெறத் தக்கவை.

இவ்வமைப்புகளை விளக்கமாக அறிய விரும்பும் ஆசிரியர், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய எம். ஏ. நுஃமான் 1999இல் வெளியிட்ட ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ என்ற நூலை நாடலாம். இக்காலத் தமிழின் வாக்கியங்களை அது மொழியியல் நோக்கில் எளிமையாக விளக்குகிறது. ஆனால் அந்நூலின் அறிவு ஆசிரியருக்கு வேண்டியது, மாணவர் கொப்பியில் அப்படியே இறக்க வேண்டியது அன்று.

வகுப்பறையில் இம்முறையை நடத்தப் பெரிய செலவில்லை. கரும்பலகையும் வாக்கியங்கள் எழுதிய தாள் துண்டுகளும் போதும் என்பதால், ஓர் ஆசிரியர் இரண்டு தரங்களை ஒருங்கே நடத்த நேரும் சிறிய தோட்டப் பாடசாலைக்கும் இது ஒத்துவரும். கிழமையில் இரண்டு மூன்று முறை, பாடத்தின் தொடக்கத்தில் கால் மணி நேரம் ஒதுக்கினால் அமையும். முதலில் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தமிழிலேயே வாய்மொழியாக இணைக்கட்டும். பேச்சில் வரும் ‘பேஞ்சதால’ என்பதிலிருந்து ‘பெய்ததால்’ என்பதற்குப் போவது, எதுவும் இல்லாத இடத்திலிருந்து அதற்குப் போவதை விட எளிது. இருவர் இருவராக அமர்ந்து இணைத்து, தம் விடையை மற்ற இணையின் விடையோடு ஒப்பிட்டு, எது எதனால் நன்று என்று சொல்ல வேண்டும். 2005இல் சாட்லரும் கிரஹமும் 4ஆம் வகுப்பில் நடத்திய ஆய்வில் இவ்வாறான துணைவர் முறையோடு சேர்ந்தே இணைப்புப் பயிற்சி நல்ல பயன் தந்தது. தொடக்கத்தில் இணைப்புருபைக் குறிப்பாகக் கொடுக்கலாம், ஆனால் அந்தக் கட்டத்தில் நெடுநாள் தங்கக் கூடாது. இறுதியில் மாணவர் தாம் எழுதிய கட்டுரையிலிருந்தே ஒரு பந்தியை எடுத்துப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டும். மெலனின் மாணவர் வாக்கியத்தில் முன்னேறியும் கட்டுரையில் முன்னேறாததற்கு, பயிற்சிக்கும் சொந்த எழுத்துக்கும் இடையே இந்தப் பாலம் இல்லாமை ஒரு காரணமாக இருக்கலாம்.

இலக்கியத்துக்கும் இதில் இடமுண்டு. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் முதலிய எழுத்தாளர்களை மாத்தளை மண் தமிழ்ச் சிறுகதைக்குத் தந்திருக்கிறது. அவ்வாறான ஒருவரின் கதையிலிருந்து ஒரு பந்தியை ஆசிரியர் சிறு வாக்கியங்களாக உடைத்துக் கொடுத்து, மாணவர் இணைத்த பின் மூலத்தைக் காட்டினால், எழுத்தாளர் எதை இணைத்தார், எதைக் குறுக்கி நிறுத்தினார் என்ற வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுகொள்வர். தாங்கள் அறிந்த மலைகளையும் மனிதரையும் பற்றிய பந்தி என்பதால் பொருளில் இடறாமல் அமைப்பில் கவனம் செல்லும். சில வேளைகளில் மாணவரின் விடை மூலத்தை விட நன்றாக அமைந்துவிடுவதும் உண்டாகலாம், அதை வெளிப்படையாகச் சொல்ல ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை.

சிங்களமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழி என்பதையும் பெயருக்கு முன்னே எச்சத்தை வைக்கும் மொழி என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்கும் தமிழ் மாணவருக்கும் தமிழ் கற்கும் சிங்கள மாணவருக்கும், ஒரே செய்திகளை இரு மொழியிலும் இணைக்கும் பயிற்சி ஆங்கிலத்தின் வழியாகப் போவதை விடக் குறுக்கு வழியாக அமையும். இரு மொழி ஆசிரியர்களும் ஒரே ஓய்வறையில் அமர்ந்திருக்கும் பாடசாலைகளில் இதற்குத் தனித் திட்டம் கூட வேண்டியதில்லை.

எஞ்சி நிற்பது மதிப்பீடு. புள்ளித்திட்டத்தில் ஒரே விடை அச்சிடப்பட்டிருக்கும்வரை, திறந்த பயிற்சியைச் செய்யும் ஆசிரியர் பரீட்சைக்கு எதிராகக் கற்பிப்பவராகவே கருதப்படுவார். புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்தே சரியான விடை ஒன்றைத் தேடப் பழகிய பெற்றோரும் மாணவரும் இரண்டு சரியான விடைகளைக் கண்டால் ஐயுறுவர். ஆகவே வலய மட்டத்தில், ஆசிரிய ஆலோசகர்கள் கூடித் தவணைப் பரீட்சைத் தாளின் ஒரு வினாவிலாவது பல விடைகளை ஏற்கும் புள்ளித்திட்டத்தை வகுப்பது முதற்படி. எந்த இணைப்பையும் ஏற்பது என்று அதற்குப் பொருளில்லை. செய்தி விடுபட்டால், வினைமுதல் பிறழ்ந்தால், மயக்கம் தோன்றினால் புள்ளி குறையும். இவை மூன்றும் இல்லாத எந்த விடையும் முழுப் புள்ளி பெறும். முன்னேற்றத்தை அளக்க வாக்கிய நீளத்தை எண்ணாமல், ஆண்டின் முதற்தவணையிலும் மூன்றாம் தவணையிலும் ஒரே தலைப்பில் எழுதப்பட்ட கட்டுரைகளை அருகருகே வைத்து, வினைமுதல் பிறழ்ந்த எச்சங்கள் எத்தனை குறைந்தன, ‘-து’ எச்சத்தைத் தவிர வேறு எத்தனை வகை இணைப்புகள் புதிதாக வந்தன, நீண்ட வாக்கியங்களுக்கிடையே வேண்டுமென்றே நிறுத்தப்பட்ட குறு வாக்கியம் ஒன்றாவது உண்டா என்ற மூன்றையும் பார்த்தால், மாணவர் எந்த இடத்தில் முன்னேறினார், எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்பதை ஆசிரியர் அடுத்த தவணைப் பாடத்தைத் திட்டமிடும் முன்பே கண்டுகொள்ளலாம்.